டிஸ்க்கைக் கழற்றும் முன் சாவியை எடுத்து வையுங்கள்

மதர்போர்டு போன லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் பிழைத்திருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் வந்துவிடும் என்று பலரும் நினைப்பது அதனால்தான். முன்பு அப்படித்தான் வந்தது. இப்போது மாட்டிப் பார்த்தால் டிரைவின் படத்தின் மேல் ஒரு பூட்டு தெரிகிறது. அதைக் கிளிக் செய்தால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. மேலூரில் ஒரு ஸ்டுடியோ லேப்டாப்பில் வைகாசி முகூர்த்தப் படங்கள் எல்லாம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும், படங்களும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த 48 இலக்கங்கள் இல்லாமல் ஒரு படத்தைக்கூடப் பார்க்க முடியாது.

“நான் எந்தப் பூட்டும் போடவில்லையே” என்று பலர் சொல்வது உண்மைதான். விண்டோஸே போட்டிருக்கும். புதிய லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்துத் தொடங்கினால், ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற வசதி பல மாடல்களில் கேட்காமலே இயங்கத் தொடங்கிவிடும். 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இதற்கான வன்பொருள் நிபந்தனைகளையும் தளர்த்திவிட்டார்கள். ஹோம் பதிப்பு போட்ட சாதாரண லேப்டாப்பிலும் டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இது கெட்ட விஷயமல்ல. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பையோடு லேப்டாப் தொலைந்துபோனால், எடுத்தவர் டிஸ்க்கைக் கழற்றி உங்கள் ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பார்க்க முடியாது. ஆனால் அதே பூட்டு, சொந்தக்காரர் டிஸ்க்கை வேறு மெஷினுக்குக் கொண்டுபோகும்போதும் வழியை மறிக்கும். டிஸ்க்குக்கு உங்களையும் திருடனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது; சாவி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

சாவி எங்கே இருக்கிறது

விண்டோஸின் பூட்டுக்குப் பெயர் பிட்லாக்கர். டிவைஸ் என்கிரிப்ஷன் என்பதும் உள்ளுக்குள் இதேதான். இது டிஸ்க்கில் எழுதப்படும் எல்லாவற்றையும் ஓர் அடிப்படைச் சாவியால் உருமாற்றி எழுதுகிறது. அந்தச் சாவி வேறெங்கும் இல்லை, டிஸ்க்கிலேயே இன்னொரு சாவியால் பூட்டிய நிலையில் கிடக்கிறது. வீட்டு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். பீரோ சாவி அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று இருக்கும். யார் திறந்தாலும் உள்ளே தொங்கும் லாக்கர் சாவி ஒன்றுதான். பிட்லாக்கரில் இந்த வெளிச் சாவிகளைப் ‘புரொடெக்டர்’ என்கிறார்கள். ஒரே டிஸ்க்குக்குப் பல புரொடெக்டர்கள் இருக்கலாம். ஏதாவது ஒன்று கையில் இருந்தால் போதும். பாஸ்வேர்டை மாற்றினால் டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை என்பதற்கும் காரணம் இந்த அமைப்புதான். வெளிச் சாவி மட்டும் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

சி டிரைவுக்குப் பொதுவாக இரண்டு புரொடெக்டர்கள் இருக்கும். ஒன்று டிபிஎம். இது மதர்போர்டில் தனிச் சிப்பாகவோ புராசஸருக்குள்ளேயோ இருக்கும். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் அமைப்பு) போன்றவை நேற்று இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் மட்டும் சாவியைக் கொடுக்கும். தினமும் நீங்கள் எந்த எண்ணையும் தட்டாமலே விண்டோஸ் திறப்பது இதனால்தான். இரண்டாவது ரெக்கவரி கீ, அதாவது அந்த 48 இலக்க எண்.

டிஸ்க்கைக் கழற்றினால் டிபிஎம் பழைய போர்டிலேயே தங்கிவிடும். புதிய கம்ப்யூட்டரிலும் ஒரு டிபிஎம் இருக்கும், ஆனால் அதற்கு இந்த டிஸ்க்கைத் தெரியாது. மிஞ்சுவது ரெக்கவரி கீ மட்டும். லேப்டாப்பைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் நம்பரோ விண்டோஸ் பாஸ்வேர்டோ இங்கே உதவாது. அவை விண்டோஸுக்குள் நுழைவதற்கானவை, டிஸ்க்கைத் திறப்பதற்கானவை அல்ல. பூட்டுத் திரையில் பின் நம்பரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. அதில் பயனே இல்லை.

பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து, மேனேஜ்-பிடிஇ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு -ஸ்டேட்டஸ் என்று சேர்த்து என்டர் கொடுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்: manage-bde -status). ஒவ்வொரு டிரைவும் எத்தனை சதவீதம் பூட்டப்பட்டிருக்கிறது, பாதுகாப்பு ஆனா ஆஃபா, என்னென்ன புரொடெக்டர்கள் இருக்கின்றன என்று வரிசையாக வரும். சி மட்டுமல்ல, டி டிரைவையும் பாருங்கள்.

சில லேப்டாப்பில் நூறு சதவீதம் பூட்டப்பட்டிருப்பதாகவும், பாதுகாப்பு மட்டும் ஆஃபில் இருப்பதாகவும் காட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் லோக்கல் கணக்கில் மட்டும் ஓட்டும் மெஷின்களில் இப்படி இருப்பது வழக்கம். டிஸ்க் பூட்டிய வடிவில்தான் இருக்கிறது, ஆனால் சாவி மறைக்கப்படாமல் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அர்த்தம். அந்த டிஸ்க்கை எங்கே மாட்டினாலும் கேள்வி கேட்காமல் திறக்கும். பிறகு என்றாவது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பாதுகாப்பு ஆனாகிவிடும். அதனால் போன வருடம் பார்த்த நிலையை நம்பாமல் கழற்றும் அன்றைக்கே பாருங்கள்.

பாதுகாப்பு ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயை எடுக்க வேண்டும். புரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குப் போனால் ‘பேக் அப் யுவர் ரெக்கவரி கீ’ என்று இருக்கும். ஹோம் பதிப்பில் அது கண்ணில் படாவிட்டால், அதே கறுப்புத் திரையில் மேனேஜ்-பிடிஇ-க்குப் பிறகு -புரொடெக்டர்ஸ், -கெட், சி: என மூன்றையும் இடைவெளி விட்டுத் தட்டினால் (manage-bde -protectors -get C:) ‘நியூமெரிக்கல் பாஸ்வேர்டு’ என்ற தலைப்பின் கீழ் 48 இலக்கங்களும் வரும். மேலே ஓர் ஐடி இருக்கும். எண்ணையும் ஐடியையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஐடி இல்லாமல் எண்ணை மட்டும் வைத்திருந்தால், நாளைக்கு மூன்று டிஸ்க்குகளின் மூன்று தாள்கள் சேர்ந்துவிடும்போது எது எதற்கு என்று தெரியாது.

எழுதிய எண்ணை எங்கே வைப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பூட்டிய டிஸ்க்கிலேயே சாவி ஃபைலை வைக்க விண்டோஸ் விடாது. ஆனால் பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் அது தடுப்பதில்லை. நேராக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும், அதாவது பூட்டிய டிஸ்க்குக்குள்ளேயே. பென் டிரைவில் ஒரு நகல், தாளில் ஒரு நகல் என்று வையுங்கள். தாளை லேப்டாப் பையில் வைக்கக் கூடாது. பத்திரமும் பாஸ்புக்கும் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

கழற்றுவதற்கு முன் பூட்டையே எடுத்துவிடலாமா? இதில் மூன்று செயல்களைப் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘அன்லாக்’ என்றால் சாவி போட்டுத் திறந்து பார்ப்பது. டிஸ்க்கில் எதுவும் மாறாது, கழற்றி மாட்டினால் திரும்பவும் கேட்கும். ‘சஸ்பெண்ட்’ என்றால் பூட்டு அப்படியே இருக்கும், சாவியை மட்டும் வெளியே வைத்துவிடும். நொடியில் முடியும் வேலை. ‘டர்ன் ஆஃப்’ என்றால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பூட்டில்லாத வடிவில் திரும்ப எழுதுவது. டிஸ்க்கின் அளவையும் வேகத்தையும் பொறுத்து இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

ஃபைல்களை மட்டும் எடுக்க வேண்டும் என்றால் சஸ்பெண்டும் வேண்டாம், டர்ன் ஆஃபும் வேண்டாம். ரெக்கவரி கீ போதும். இதே விண்டோஸை அப்படியே புதிய மெஷினில் பூட் செய்ய வேண்டும் என்றால் சஸ்பெண்ட் நல்லது. டர்ன் ஆஃப் செய்வது டிஸ்க்கை வேறொருவருக்கு நிரந்தரமாகக் கொடுக்கும்போதோ, கீயைப் பயன்படுத்தத் தெரியாத இடத்துக்கு அனுப்பும்போதோதான் அவசியம். அதைத் தொடங்கும் முன் உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பிட்லாக்கர் விட்ட இடத்திலிருந்து தொடரும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் வயதான ஹார்ட் டிஸ்க்குக்குத் திடீர் மின்தடை நல்லதல்ல. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கடைசியாக, கழற்றும் நாளில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கை லினக்ஸில் மாட்டினால் படிக்க மட்டுமே விடும். விண்டோஸிலேயே கடைசியாக எழுதிய ஃபைல்களில் சிக்கல் வரலாம்.

பழைய கம்ப்யூட்டர் செத்துவிட்டிருந்தால்

கீயைத் தேட வேண்டும். முதல் இடம் மைக்ரோசாஃப்ட் கணக்கு. போனில் பிரவுசரைத் திறந்து கணக்கில் நுழைந்து, ‘டிவைசஸ்’ பகுதியில் அந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் ரெக்கவரி கீக்களைப் பார்க்கும் இணைப்பு இருக்கும். கீ, அதன் ஐடி, ஏற்றப்பட்ட தேதி எல்லாம் வரும்.

அங்கே ஒன்றும் இல்லை என்று வந்தால் உடனே கைவிடாதீர்கள். யாருடைய கணக்கு என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு. முதன்முதலில் அந்த லேப்டாப்பை யாருடைய இமெயிலைக் கொடுத்துத் தொடங்கினார்களோ, பொதுவாக அவருடைய கணக்கில்தான் கீ ஏறியிருக்கும். வாங்கிய அன்று கடையில் செட்டப் செய்து கொடுத்தவர் அந்த இடத்திலேயே ஒரு புது அவுட்லுக் முகவரி உருவாக்கியிருக்கலாம். காலேஜ் படிக்கும் மகள் தன் முகவரியைக் கொடுத்திருக்கலாம். அலுவலகத்து அண்ணன் ஒருவர் வந்து ‘ஆபீஸ்’ போட்டுக் கொடுத்தபோது தன் கணக்கில் நுழைந்திருக்கலாம். ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த லேப்டாப் என்றால், கீ அவர்களுடைய நிர்வாகக் கணக்கில் இருக்கும். ஐடி பிரிவைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய பென் டிரைவ்களில் ‘பிட்லாக்கர் ரெக்கவரி கீ’ என்று தொடங்கும் டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கும் இல்லை என்றால் சாவியை உடைத்துத் திறக்க வழி கிடையாது. பிட்லாக்கர் பொதுவாக 128 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டுகிறது. எல்லாச் சாவிகளையும் முயன்று பார்த்து முடிக்கக் கூடிய கணக்கே இல்லை அது. எந்த மாநகரத்து டேட்டா ரெக்கவரி நிலையத்துக்கு அனுப்பினாலும் கீ இல்லாமல் அவர்களாலும் திறக்க முடியாது. “முன்பணம் கொடுங்கள், பூட்டை உடைத்துத் தருகிறேன்” என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைப் பழைய மதர்போர்டுக்குச் செலவிடுவதில்தான் நியாயம் இருக்கிறது. சார்ஜிங் பகுதி மட்டும் போயிருந்தாலோ டிஸ்ப்ளே மட்டும் போயிருந்தாலோ, அந்த போர்டைச் சரிசெய்து ஒரே ஒரு முறை பூட் ஆக்கினால் டிபிஎம் தானாகச் சாவியைக் கொடுத்துவிடும். சிப் லெவல் வேலை செய்யும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: போர்டை மாற்றக் கூடாது, இதே போர்டைத்தான் ஓட வைக்க வேண்டும், பயாஸை (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) ரீசெட் செய்யவோ டிபிஎம்மை கிளியர் செய்யவோ கூடாது. வேறு போர்டு போட்டுவிட்டால் பழைய டிபிஎம் போய்விடும், அதோடு அந்த வழியும் அடைபடும்.

48 இலக்கங்களைத் தட்டும்போது

ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். இதில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், 720885-ஐத் தாண்டவும் கூடாது. 110011 என்பது தொகுதியாக இருக்க முடியும், ஏனென்றால் 11-ஐ 10001-ஆல் பெருக்கினால் அது வரும். 110012 இருக்க முடியாது. கையால் எழுதிய தாளில் 1-ஆ 7-ஆ என்று சந்தேகம் வந்தால் போன் கால்குலேட்டரில் 11-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண்ணாக வரும் வடிவம்தான் சரியானது. எட்டுத் தொகுதியையும் இப்படிச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். தேய்ந்துபோன பிரிண்ட்டிலிருந்து ஓரிரு இலக்கத்தை மீட்கவும் இது உதவும்.

எல்லாத் தொகுதியும் வகுபடுகிறது, ஆனாலும் கீ தவறு என்கிறது என்றால், அது வேறு டிஸ்க்கின் கீ. திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை உங்கள் தாளில் உள்ள ஐடியோடு ஒப்பிடுங்கள். அதில் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும்தான் வரும். ஓ என்ற எழுத்து வரவே வராது, வட்டமாகத் தெரிவது சைபர்தான். சி-க்கு ஒரு கீ, டி-க்கு வேறு கீ. பிட்லாக்கரை ‘டர்ன் ஆஃப்’ செய்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தால் பழைய கீ செல்லாது.

மாட்டுவது

டிஸ்க் எந்த வகை என்று பார்த்து அதற்குரிய கேசிங்கோ கன்வெர்ட்டரோ வாங்குங்கள். இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க்குக்கு யுஎஸ்பி 3.0 கேபிள் ஒன்றே போதும். டெஸ்க்டாப்பின் மூன்றரை இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் உள்ள டாக் (டிஸ்க்கைச் செருகும் ஸ்டாண்ட்) வேண்டும், யுஎஸ்பி மின்சாரம் அதைச் சுழற்றாது. குச்சி போன்ற எம்.2 வகையில் கவனம் தேவை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே சாட்டாவும் உண்டு, என்விஎம்இ-யும் உண்டு; இரண்டும் டிஸ்க் கம்ப்யூட்டரோடு பேசும் வெவ்வேறு முறைகள். சாட்டா கேசிங்கில் என்விஎம்இ குச்சியைப் போட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது; பலர் டிஸ்க் செத்துவிட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். டிஸ்க்கின் லேபிளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள், இல்லையென்றால் இரண்டையும் ஏற்கும் கேசிங் கேளுங்கள்.

இரண்டரை இஞ்ச் சுழல் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டு நின்று நின்று ஓடினால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900 தரும். சிபியுவின் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம் நேராகச் செருகுங்கள். அப்படியும் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கே பழுது. உடனே கழற்றிவிடுங்கள்.

மாட்டியதும் வரக்கூடிய செய்திகளில் ஒன்று மட்டும் ஆபத்தானது. “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று வந்தால் ‘கேன்சல்’ கொடுங்கள். பிட்லாக்கர் டிஸ்க் என்றால் விண்டோஸுக்கு அடையாளம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது வேறு மென்பொருளின் பூட்டாக இருக்கலாம், டாக்கின் கோளாறாகவும் இருக்கலாம். சில டாக்குகள் பெரிய டிஸ்க்கின் செக்டர் (தரவை எழுதும் சிறு கட்டம்) அளவை 512-க்குப் பதில் 4096 என்று மாற்றிக் காட்டும். பார்ட்டிஷன் கணக்கே தப்பிப்போய்விடும். மதர்போர்டில் நேராக சாட்டா கேபிளில் மாட்டினால் அதே டிஸ்க் ஒழுங்காகத் தெரியும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து அது ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் டிரைவைக் கிளிக் செய்ததும் ரெக்கவரி கீ கேட்கும். பாஸ்வேர்டு கேட்டால் ‘மோர் ஆப்ஷன்ஸ்’-இன் கீழே ரெக்கவரி கீ இருக்கும். புதிய கம்ப்யூட்டர் ஹோம் பதிப்பாக இருந்தாலும் திறக்கும். விண்டோஸ் 7 ஓடும் பழைய மெஷினில் முயல வேண்டாம். 2015-க்குப் பிறகு விண்டோஸ் 10 பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் பூட்டு முறையை அது அறியாது. உபுண்டு 22.04 போன்ற லினக்ஸில் ஃபைல் மேனேஜரே கீயைக் கேட்டுத் திறக்கும். ஃபைல்களை நகலெடுக்க அதுவும் போதும்.

டிரைவ் திறந்த பிறகு ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் பழைய பெயரைக் கிளிக் செய்தால் “அனுமதி இல்லை” என்று வரும். இது பூட்டு அல்ல, ஃபோல்டர் உரிமை. ‘கன்டினியூ’ கொடுத்துச் சிறிது பொறுத்தால் திறக்கும். ஃபோல்டர் திறந்த பிறகும் சில ஃபைல்கள் மட்டும் மறுத்தால், அவை இஎஃப்எஸ் என்ற பழைய ஃபைல் பூட்டில் இருக்கக்கூடும். அதன் சான்றிதழ் பழைய விண்டோஸ் புரொஃபைலில் இருக்கும். அதை அங்கிருந்து எக்ஸ்போர்ட் செய்து கொண்டுவர வேண்டும். வெறும் நகலெடுப்பு உதவாது.

இரண்டாவது டிஸ்க்கைப் பற்றி ஒன்று. டி டிரைவுக்கு ‘ஆட்டோ அன்லாக்’ போட்டிருந்தால், அதைத் திறக்கும் சாவி பழைய சி டிரைவின் விண்டோஸுக்குள் இருக்கும். தினமும் தானாகத் திறந்ததால் பாஸ்வேர்டே இல்லை என்று நினைத்திருப்பீர்கள். வேறு மெஷினில் அதற்கென்று தனியாக ரெக்கவரி கீயோ பாஸ்வேர்டோ வேண்டும்.

நகலெடுக்கும் நேரத்தையும் கணக்கிட்டு வையுங்கள். யுஎஸ்பி 2.0-இல் நொடிக்குச் சுமார் 33 எம்பி வந்தால் ஒரு டிபிக்கு எட்டரை மணி நேரம். 3.0-இல் சுழல் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். கத்திரி வெயிலில், மூடிய கேசிங்கில் இருக்கும் என்விஎம்இ நீண்ட நேரம் ஓடினால் சூடேறி வேகம் குறையும். ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

அதே விண்டோஸைப் புதிய மெஷினில் பூட் செய்வது

பழைய டிஸ்க்கையே உள்ளே மாட்டி அதிலிருந்தே ஓட்ட வேண்டுமென்றால் நீலத் திரையில் ரெக்கவரி கீ கேட்கும், சஸ்பெண்ட் செய்திருந்தால் கேட்காது. கீயைச் சரியாகப் போட்டும் ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று நின்றால் பூட்டு காரணமல்ல. பயாஸில் டிஸ்க் கன்ட்ரோலர், பழைய விண்டோஸுக்குப் பழக்கமில்லாத ரெய்டு அல்லது விஎம்டி நிலையில் இருக்கக்கூடும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப்புகளில் இது அடிக்கடி வரும். அதை ஏஎச்சிஐ என்ற வழக்கமான நிலைக்கு மாற்றினால் பெரும்பாலும் பூட் ஆகும்.

பூட் ஆன பிறகு வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. டிஸ்க்கில் பழைய டிபிஎம்முக்கான புரொடெக்டர்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 48 இலக்கத்தைக் கேட்கும். பாதுகாப்பை சஸ்பெண்ட் செய்து ‘ரெஸ்யூம்’ கொடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் பழைய டிபிஎம் புரொடெக்டரை நீக்கிப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதைச் செய்யும்போது ரெக்கவரி கீ புரொடெக்டரை நீக்கிவிடக் கூடாது.

வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றாமலே இந்தத் திரை வருவதும் உண்டு. டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய், மின்தடைக்குப் பிறகு பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்துவிட்டால், செக்யூர் பூட்டோ டிபிஎம்மோ ஆஃப் ஆகியிருக்கும். தேதி தவறாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பேட்டரியை மாற்றி அமைப்புகளைப் பழையபடி வைத்தால், கீ இல்லாமலே திறக்க வாய்ப்பு உண்டு.

பிட்லாக்கர் அல்லாத பூட்டுகள்

வெராகிரிப்ட், லினக்ஸின் லக்ஸ் ஆகிய பூட்டு மென்பொருள்கள் பொதுவாகக் கம்ப்யூட்டரைச் சார்ந்தவை அல்ல. பாஸ்வேர்டு தெரிந்தால் எந்த மெஷினிலும் திறக்கும். இவற்றை விண்டோஸில் மாட்டினால் காலி டிஸ்க் என்று நினைத்து ஃபார்மேட் கேட்கும். அங்கே ‘ஓகே’ கொடுத்தால் தலைப்பகுதி அழியும். சாவி அந்தத் தலைப்பகுதியில்தான் இருக்கிறது. லக்ஸ் 2-இல் அது பொதுவாக 16 எம்பிதான். அது போனால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. அதனால் மாற்றும் முன் அந்தத் தலைப்பகுதியை (ஹெடர்) தனியாக பேக்கப் எடுங்கள். வெராகிரிப்ட் ஒரு நகலைக் கடைசியிலும் வைத்திருக்கும் என்பதால் சற்று ஆறுதல்.

லினக்ஸில் இன்னொரு தொல்லை: இரண்டு கம்ப்யூட்டரிலும் உபுண்டுவை வழக்கமான முறையில் போட்டிருந்தால் இரண்டின் வால்யூம் குரூப் (டிஸ்க் பகுதிகளின் தொகுப்பு) பெயரும் ஒன்றாக இருக்கலாம். அப்போது பாஸ்வேர்டு சரி என்று சொல்லிவிட்டு ஃபைல்களைக் காட்டாது. லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து பழைய டிஸ்க்கை மட்டும் திறந்தால் தீர்ந்தது. பாஸ்வேர்டில் @ குறி இருந்து தவறு என்று வந்தால் கீபோர்டு அமைப்பைப் பாருங்கள். பிரிட்டிஷ் அமைப்பில் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். தமிழ்99 ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆப்பிளின் 2020 முதல் வந்த எம் வரிசை மேக்புக்குகளிலும், அதற்கு முந்தைய டி2 சிப் உள்ளவற்றிலும் டிஸ்க்கை வேறு மெஷினுக்கு மாற்றுவது என்ற பேச்சே இல்லை. சாவி அந்தச் சிப்புக்குள் இருக்கிறது. ஆப்பிளின் டைம் மெஷின் போன்றவற்றில் முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான் வழி.

வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் போன்ற சில வெளி டிஸ்க்குகளில், பெட்டிக்குள் இருக்கும் சிறு யுஎஸ்பி போர்டே குறியாக்கம் செய்கிறது. பாஸ்வேர்டு போடாவிட்டாலும் பல மாடல்களில் செய்யும். யுஎஸ்பி பின் உடைந்ததென்று டிஸ்க்கை மட்டும் எடுத்து சாட்டாவில் மாட்டினால் குப்பையாகத்தான் தெரியும். உடைந்த பின்னைச் சால்டர் செய்து அந்த போர்டையே ஓட வைக்க வேண்டும். போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பயாஸில் போடும் ‘ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு’ தனி ரகம். ஒரே பாஸ்வேர்டை ஒவ்வொரு கம்பெனி லேப்டாப்பும் ஒவ்வொரு விதமாக மாற்றி டிஸ்க்குக்கு அனுப்பும். அதனால் வேறு பிராண்டில் சரியான பாஸ்வேர்டையே தட்டினாலும் திறக்காமல் போகலாம். கழற்றும் முன் பழைய பயாஸிலேயே அதை நீக்கிவிடுங்கள்.

டிஸ்க்கே பழுதாக இருந்தால்

பேட் செக்டர் (படிக்க முடியாத பகுதி) விழுந்த டிஸ்க்கில் ‘டர்ன் ஆஃப்’ கொடுக்கவே கூடாது. அது ஒவ்வொரு செக்டரையும் படித்துத் திரும்ப எழுதும். நொண்டும் டிஸ்க் பாதி வழியில் நின்றுவிடும். முதலில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு, பூட்டிய நிலையிலேயே முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். புது டிஸ்க் அதே அளவோ பெரியதோ இருக்க வேண்டும். பூட்டும் சாவியும் நகலிலும் அப்படியே வரும், அதே ரெக்கவரி கீ நகலையும் திறக்கும். திறக்கவில்லை என்றால் விண்டோஸின் ரிப்பேர்-பிடிஇ கருவி இருக்கிறது. அதற்குப் பழுதான டிஸ்க், கீ இவற்றோடு மூன்றாவதாக ஒரு காலி டிஸ்க்கும் வேண்டும், ஏனென்றால் விளைவை எழுதும் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அது அழித்துவிடும். டேட்டா ரெக்கவரிக்கு அனுப்புவதாக இருந்தால் டிஸ்க்கோடு கீயையும் கொடுக்க வேண்டும். கீ இல்லாமல் அவர்கள் செக்டர்களை மீட்டுக் கொடுத்தாலும் உங்களுக்குக் கிடைப்பது பூட்டிய செக்டர்கள்தான்.

ஃபைல்கள் வந்து சேர்ந்ததும் பத்துப் பதினைந்தை நடுவிலிருந்து திறந்து பார்த்துவிட்டுப் பழைய டிஸ்க்கை ஓரமாக வையுங்கள். புதிய கம்ப்யூட்டருக்கும் இதற்குள் ஒரு ரெக்கவரி கீ உருவாகியிருக்கும். அதன் ஐடியும் எண்ணும் பழையதிலிருந்து வேறு. அதையும் இன்றே பிரிண்ட் எடுங்கள்.